ஜேன் அயர்: எந்தப் படத்தை எதை வைத்து அளப்பது?

பாதியில்_எழுந்தவள்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வீட்டுச் சண்டையை நீங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

போன ஞாயிறு என் நாத்தனார் வந்திருந்தாள். இரண்டு பேரும் பி.ஏ. இங்கிலீஷ், வேறு வேறு கல்லூரி. இரண்டு பேருக்கும் உயிரான நாவல் ஒன்றே ஒன்று, சார்லட் பிராண்டியின் ஜேன் அயர். தார்ன்ஃபீல்ட் மாளிகைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வரும் அநாதைப் பெண் ஜேனுக்கும் அந்த வீட்டு எசமானர் ரோச்செஸ்டருக்கும் வரும் காதல். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் 2006ல் பிபிசி எடுத்த நாலு பகுதித் தொடரைப் போட்டாள். ரூத் வில்சனும் டோபி ஸ்டீபன்ஸும் நடித்தது. மூன்று பகுதி ஜோராகப் போனது. நாலாவதில், கல்யாணம் நின்றுபோன பிறகு, ஜேனும் ரோச்செஸ்டரும் கட்டிலில் படுத்தபடி பேசுகிறார்கள், முத்தமிட்டுக்கொள்கிறார்கள். நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டேன்.

நாத்தனார் பின்னாலேயே வந்தாள். "புத்தகத்தில் இல்லை என்பதுதானே உன் கோபம்? நீ படம் பார்க்கவில்லை அண்ணி, ப்ரூஃப் பார்க்கிறாய்" என்றாள்.

சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மையும் இல்லை. 2011ல் வந்த படம், மியா வாசிகோவ்ஸ்கா நடித்தது, கதையை நடுவிலிருந்து தொடங்குகிறது. "வாசகரே, நான் அவரை மணந்தேன்" என்ற பேர்போன வரியே அதில் கிடையாது. அது எனக்கு ரொம்பப் பிடித்தது. அப்படியானால் புத்தகத்தில் உள்ளது மாறக்கூடாது என்பது என் கட்சி இல்லை. பிறகு எந்தக் கோலால்தான் அளக்கிறேன்? எனக்கே விளங்கவில்லை.

நீங்களெல்லாம் எப்படி அளப்பீர்கள்? இன்னொன்று, என் மகள் பிளஸ் ஒன். அவளுக்கு முதலில் எதைக் காட்டலாம்?

---

சும்மா_வந்தவன்:

புத்தகம் வேறு, படம் வேறு. தனித்தனியாகப் பார்த்தால் பிரச்சினையே இல்லை. சாந்தி நிலையம் பார்த்த யாராவது "சார்லட் பிராண்டி எங்கே" என்று தேடினார்களா?

---

கட்டிங்_டேபிள்:

சும்மா வந்தவரே, சும்மா சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சாந்தி நிலையம் (1969) எடுத்துக்கொண்டது எலும்புக்கூட்டை மட்டும்: பெரிய வீடு, குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வரும் அநாதைப் பெண், எசமானர், வீட்டுக்குள் ஒரு ரகசியம். மீதிக்கு ஜெமினி கணேசன், காஞ்சனா, எம்.எஸ்.வி. என்று நம் ஊர்ச் சதை வைத்துக்கொண்டது. மார்கஸ் பார்ட்லியின் வண்ண ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. "இயற்கை என்னும் இளைய கன்னி" ஓடும்போது யார்க்‌ஷயர் ஞாபகம் யாருக்கு வரும்? அந்தப் படம் நாவலின் பெயரைப் போட்டு வாக்குக் கொடுக்கவில்லை. ஆகவே கடனும் இல்லை. "ஜேன் அயர்" என்று டைட்டில் போட்டவர்கள்தான் கடன்காரர்கள்.

நான் எடிட்டிங் வேலையில் இருப்பவன், சின்ன வேலைகள்தான். எனக்கு இந்த நாவல் ஒரு வெட்டும் பிரச்சினை. மொத்தம் 38 அத்தியாயம். முதல் 10 அத்தியாயம் அத்தை வீடும் லோவுட் பள்ளியும். 11லிருந்து 27 வரை தார்ன்ஃபீல்ட் மாளிகை. கல்யாணம் உடைந்து அவள் ஓடிப்போன பிறகும் 8 அத்தியாயம், செயின்ட் ஜான் ரிவர்ஸ் என்ற பாதிரியாரோடும் அவர் தங்கைகளோடும். கடைசி மூன்றில் திரும்பி வருகிறாள். யோசித்துப் பாருங்கள்: உச்சக்கட்டம் முடிந்த பிறகு கிட்டத்தட்ட கால்வாசிக் கதை பாக்கி. தியேட்டரில் அந்த நேரத்துக்குச் சனம் காலால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும்.

1943ல் ஆர்சன் வெல்ஸ் நடித்த படத்தில் கத்தரியை எடுத்து அந்தக் கால்வாசியை அப்படியே நறுக்கிவிட்டார்கள். ஜேன் ஓடிப்போய்ச் சேருவது பழைய அத்தை வீட்டுக்கே. ரிவர்ஸ் என்ற பெயர் லோவுட் பள்ளிக்கு வரும் ஒரு டாக்டருக்குப் போய்விட்டது. 1996 படத்தின் இயக்குநர் ஜெஃபிரெல்லியும் அந்தப் பகுதியைப் பிழிந்து சக்கையாக்கிவிட்டார். 2011 இயக்குநர் ஃபுகுநாகாவும் திரைக்கதை எழுதிய மொய்ரா பஃபினியும் செய்தது கெட்டிக்காரத்தனம். சனம் எழுந்து போகும் பகுதியைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டார்கள். அவள் ஓடுவதிலேயே படம் தொடங்குகிறது. குழந்தைப் பருவமும் தார்ன்ஃபீல்டும் அவள் நினைவாக வருகின்றன. உங்களுக்குப் பிடித்ததன் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். வரிசையை மாற்றியவர்கள் எடையைக் குறைக்கவில்லை.

வயதையும் கவனியுங்கள். நாவலில் ஜேனுக்கு 18, ரோச்செஸ்டருக்கு ஏறக்குறைய 20 வயது கூடுதல். 1943 படத்தில் வெல்ஸுக்கும் ஜோன் ஃபோன்டெய்னுக்கும் வித்தியாசம் இரண்டரை வருஷம்கூட இல்லை. வெல்ஸ் குரலைத் தடியாக்கிப் புருவத்தை நெரித்துத்தான் அந்த 20 வருஷத்தை ஒப்பேற்றினார்.

(ஒரு வேடிக்கை: 1996, 2006, 2011 மூன்றுக்கும் தார்ன்ஃபீல்ட் ஒரே இடம்தான், டெர்பிஷயரில் இருக்கும் ஹேடன் ஹால். மூன்று ரோச்செஸ்டர்களுக்கு ஒரே வாடகை வீடு.)

---

வார்டனம்மா:

பாதியில் எழுந்தவளே, பாத்திரம் தேய்க்கப் போனது சரிதான். ஆனால் நீ நினைக்கும் காரணத்துக்காக இல்லை. நீ என்றே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே, 31 வருஷப் பழக்கம்.

நான் இலக்கியம் படித்தவள் அல்ல. பி.காம். பெண்கள் கல்லூரி விடுதி ஒன்றில் கணக்கு நோட்டும் சாவிக்கொத்தும் என் கையில் இருந்தன. 1981ல் மூர் மார்க்கெட்டில் அட்டை கிழிந்த ஜேன் அயர் ஒன்றை நாலு ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்து சொன்னான், நாலுக்கு வந்தான். எனக்கு முன்னால் அதை வைத்திருந்தவர் யாரோ, புத்தகம் முழுக்க ஒரே ஒரு இடத்தில் நீல மையால் அடிக்கோடு போட்டிருந்தார். காதல் வசனம் எதற்கும் இல்லை. அவள் விடிவதற்கு முன்னால் மாளிகையை விட்டுக் கிளம்புகிறாளே, 27ஆம் அத்தியாயத்தின் முடிவில், அங்கே பர்ஸில் 20 ஷில்லிங் இருந்தது, தன்னிடம் இருந்ததே அவ்வளவுதான் என்கிறாளே, அந்த வரிக்கு.

கோடு போட்டவர் யாராக இருந்தாலும் என் ஜாதி. அன்றிலிருந்து நான் அந்த நாவலைப் பேரேடாகத்தான் படிக்கிறேன். படித்துப் பார், எல்லாம் எழுதியிருக்கிறது. லோவுட் பள்ளியில் டீச்சராக இருந்தபோது வருஷத்துக்கு 15 பவுண்டு. தார்ன்ஃபீல்டில் 30. அவளுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது? தானே பேப்பரில் விளம்பரம் கொடுத்து. 18 வயசுப் பெண், யாரும் வேலை தேடிக் கொடுக்கவில்லை, கூலியை இரட்டிப்பாக்கிக்கொண்டு வேலை மாறியிருக்கிறாள். இதைக் காதல் கதை என்று சொல்லிச் சொல்லியே நமக்கு இந்தப் பகுதி கண்ணில் படாமல் போய்விட்டது.

இப்போது 21ஆம் அத்தியாயத்தை எடு. சாகக் கிடக்கும் அத்தையைப் பார்க்க ஊருக்குப் போகவேண்டும், லீவு கேட்கிறாள். "உன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது?" என்கிறார் ரோச்செஸ்டர். பர்ஸைத் திறந்து காட்டுகிறாள், 5 ஷில்லிங். அவர் 50 பவுண்டு நோட்டை நீட்டுகிறார். அவளுக்கு வரவேண்டிய சம்பளப் பாக்கி 15தான். 50 பவுண்டு என்றால் அவளுக்கு 20 மாதச் சம்பளம், கணக்குப் போட்டுக்கொள். "என்னிடம் சில்லறை இல்லை" என்கிறாள். சில்லறை யார் கேட்டது, வைத்துக்கொள் என்கிறார். எனக்குச் சேரவேண்டியதற்கு மேல் வாங்கமாட்டேன் என்கிறாள். முகம் சுளிக்கிறார். அப்புறம், 50ஐயும் கொடுத்தால் நீ மூன்று மாதம் வராமல் இருந்துவிடுவாய் என்று 10 மட்டும் கொடுக்கிறார். அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "இப்போது நீங்கள் எனக்கு 5 பவுண்டு கடன்." கொஞ்ச நேரத்தில் அந்த 10ல் 9ஐத் திருப்பிக் கொடு, எனக்கு அவசரம் என்கிறார். அவள் கையையும் பர்ஸையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுகிறாள். ஐந்து பென்னிகூடத் தரமாட்டாளாம். சும்மா பார்க்கவாவது காட்டு என்றால், "உங்களை நம்ப முடியாது சார்."

இதைவிடப் பெரிய காதல் காட்சி அந்தப் புத்தகத்தில் இல்லை. முத்தம் கிடையாது, கை தொடவில்லை. பேரம்தான். ஆனால் அந்தப் பேரத்தில்தான் இரண்டு பேரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள்.

விடுதியில் ஒரு பெண் இருந்தாள். வருஷ நடுவில் காப்புத்தொகையைத் திருப்பிக் கேட்டு வந்தாள். ஏன் என்று கேட்டேன், சொல்லவில்லை. பணத்தை என் முன்னாலேயே இரண்டு தடவை எண்ணி, கைக்குட்டையில் முடிந்து, கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சும் அடைத்தது. சரி, அது வேறு கதை.

என் அளவுகோலுக்கு வருகிறேன். கல்யாணம் நிச்சயமானதும் அவர் அவளை மில்கோட்டில் ஜவுளிக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார். அரை டஜன் உடுப்பு எடு என்கிறார். கெஞ்சிக் கூத்தாடி இரண்டாகக் குறைக்கிறாள். அவர் பளபளவென்று எடுத்துப்போட, இவள் அடக்கமான கறுப்பு சாட்டினுக்கும் சாம்பல் நிறப் பட்டுக்கும் இறக்கிக்கொண்டு வருகிறாள். அவர் வாங்க வாங்க எனக்குக் கன்னம் எரிந்தது, அவமானமாக இருந்தது என்று எழுதுகிறாள். கல்யாணம் வரைக்கும் பாடம் சொல்லிக்கொடுப்பேன், 30 பவுண்டு சம்பளத்தில் என் துணியை நானே எடுத்துக்கொள்வேன் என்கிறாள்.

அந்த எரிச்சலில்தான் அவளுக்கு ஒரு யோசனை வருகிறது. மதேரா தீவில் ஒரு சித்தப்பா இருக்கிறார், தன்னை வாரிசாக்க விரும்பியவர். அவருக்கு எழுதிப்போடலாம், நமக்கென்று கொஞ்சம் சொத்து இருந்தால் இந்தக் கூச்சம் இருக்காது என்று கடிதம் எழுதுகிறாள், கல்யாணச் செய்தியையும் சேர்த்து. கடிதம் போய்ச் சேரும் நேரத்தில் சித்தப்பா வீட்டில் இருப்பவர் யார்? ஜமைக்காவுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் மேசன். ரோச்செஸ்டர் மாடியில் பூட்டிவைத்திருக்கும் மனைவியின் சகோதரன்! அப்படித்தான் கோயிலில் கல்யாணம் நிற்கிறது.

புரிகிறதா? கல்யாணத்தை நிறுத்தியது விதி இல்லை, இடி மின்னல் இல்லை. பட்டுத்துணி வாங்கிக் கொடுத்தபோது ஒரு பெண்ணுக்குக் கன்னம் எரிந்தது, அவ்வளவுதான். என் சம்பளத்தில் நான் உடுத்துவேன் என்ற ரோஷம்தான் அவளைக் காப்பாற்றியது. நாவலாசிரியை இதைச் சத்தம் போடாமல் செய்திருக்கிறார். நான் மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் கண்டுபிடித்தேன்.

ஆகவே எந்தப் படத்தைப் போட்டாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இவளுக்குச் சம்பளம் இருக்கிறதா? வசனத்தில் வராவிட்டாலும் பரவாயில்லை, அவள் நிற்கும் நிலையில் இருக்கிறதா?

1943 படத்தில் இல்லை. நிழலும் புகையும் அருமை, பெர்னார்ட் ஹெர்மன் இசை அருமை, பள்ளிக்கூடத் தோழி ஹெலனாக வரும் சிறுமி எலிசபெத் டெய்லரைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஃபோன்டெய்ன் படம் முழுக்க நன்றி சொல்லும் முகத்தோடு இருக்கிறார். அந்த முகம் 50 பவுண்டு நோட்டை வாங்கிக்கொண்டிருக்கும்.

1983 பிபிசி தொடர், 11 பகுதி. நாடக மேடை மாதிரி செட், வெளிச்சம் சுமார், நடை ஆமை. ஆனால் நாவலின் வாக்குவாதங்களை அவ்வளவு தாராளமாக வேறு யாரும் விட்டுவைக்கவில்லை. ரோச்செஸ்டர் குறிசொல்லும் கிழவியாக வேஷம் கட்டி வரும் கூத்துகூட இருக்கிறது. ஒரே குறை டிமோத்தி டால்டன். "நான் அழகனா?" என்று அவர் கேட்க, "இல்லை சார்" என்று அவள் பட்டென்று சொல்லவேண்டும். பின்னால் ஜேம்ஸ் பாண்டாகவே நடித்த மனிதர்! அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்பவளைக் கண் டாக்டரிடம்தான் அனுப்பவேண்டும்.

இப்போது உன் 2006. ரூத் வில்சன் முகம் ஜேனுக்கென்றே பிறந்த முகம், அதில் எனக்கும் உன் நாத்தனாருக்கும் சண்டை இல்லை. கட்டில் காட்சி ஏன் உறுத்துகிறது? ஆசாரம் கெட்டதால் இல்லை. நாவலில் அந்த இடத்தில் ரோச்செஸ்டர் தன் பழைய சிநேகிதிகளைப் பற்றிச் சொல்கிறார், மூன்று பேர். காசு கொடுத்து ஒருத்தியை வைத்துக்கொள்வது, அடிமையை விலைக்கு வாங்குவதற்கு அடுத்தபடி மோசம், அவர்களை நினைத்தாலே இப்போது வெறுப்பாக இருக்கிறது என்கிறார். அவர் வாயாலேயே! அவள் அதைக் கப்பென்று பிடித்துக்கொள்கிறாள். இன்று நான் இவரோடு தெற்கே போய்க் கடலோர வீட்டில் இருந்தால், நாளைக்கு என்னையும் அந்தப் பட்டியலில் நாலாவதாகச் சேர்த்து இதே குரலில் பேசுவார். எவ்வளவு சுத்தமான கணக்கு பார். அழுகை நெஞ்சை அடைக்கும்போதும் அவள் கூட்டல் தப்பவில்லை. போகும்போது சோபாவில் குப்புறக் கிடப்பவரின் கன்னத்தில் ஒரு முத்தம், தலைமுடியைத் தடவிக்கொடுக்கிறாள், அவ்வளவுதான். கட்டிலில் படுக்கவைத்து எடுத்தால் அது ஆசைக்கும் கட்டுப்பாட்டுக்கும் சண்டை என்றாகிவிடுகிறது. அவள் சண்டை அதுவல்ல. உன் கை அதனால்தான் பாத்திரத்தைத் தேடிப் போயிருக்கும்.

அப்புறம் அந்த 20 ஷில்லிங். அவர் பரிசாகக் கொடுத்த முத்துமாலை பெட்டியில் கையில் தட்டுப்படுகிறது, வைத்துவிட்டுப் போகிறாள். வண்டிக்காரன் 30 ஷில்லிங் கேட்கிறான், 20தான் இருக்கிறது என்கிறாள், சரி ஏறு என்கிறான். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, அவளுக்கு 12 நாள் கூலி. அந்தப் பணத்துக்கு எவ்வளவு தூரமோ அங்கே இறக்கிவிட்டுப் போய்விடுகிறான். ஊரே இல்லை, நாற்சந்தியில் வெள்ளையடித்த ஒரு கல்தூண். மாற்றுத்துணி மூட்டையை வண்டியிலேயே மறந்துவிட்டாள். கைக்குட்டையையும் கையுறையையும் எடுத்துக்கொண்டு ஒரு ரொட்டி தருவாயா என்று கடையில் கேட்கிறாள், மறுத்துவிடுகிறார்கள். பன்றித் தொட்டியில் ஒரு சிறுமி ஆறிப்போன கஞ்சியைக் கொட்டப் போகிறாள், அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்.

கட்டிங் டேபிள் தம்பி சொன்ன அந்தக் கால்வாசிக் கதை தொடங்குவது இங்கேதான். இதை நறுக்கினால் சுயமரியாதை என்பது வெறும் வசனம். அதற்கு அவள் என்ன விலை கொடுத்தாள் என்பது கஞ்சியில் இருக்கிறது. 2011 படம் பசியிலும் மழையிலும் தொடங்குகிறது, பார் நீ, அதனால்தான் கடைசி வரி இல்லாததுகூட உனக்கு உறுத்தவில்லை.

பிறகு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்கிறது. சம்பளம் அதே 30 பவுண்டு! அப்புறம் சித்தப்பா சொத்து 20,000 வருகிறது, அதை நாலாகப் பிரித்து ஆளுக்கு ஐயாயிரம் கொடுத்துவிடுகிறாள். அதற்குப் பிறகுதான் கண் போன ரோச்செஸ்டரிடம் திரும்பிப் போகிறாள். கையில் காசோடு.

உன் மகளுக்கு முதலில் 2011. இரண்டு மணி நேரம், போரடிக்காது. பிடித்திருந்தால் 1983. மற்றவற்றை அவளே தேடிக்கொள்வாள்.

---

மாடிப்படி:

வார்டனம்மா, கும்பிடுகிறேன். ஆனால் உங்கள் பேரேட்டில் ஒரு பக்கத்தைக் காணோம்.

30,000 பவுண்டு. மாடியில் பூட்டிவைத்திருக்கும் அந்த மனைவி, பெர்த்தா மேசன், கொண்டுவந்த சீதனம். ரோச்செஸ்டர் இளைய மகன். அப்பா நிலத்தைப் பிரிக்க மனமில்லாமல் எல்லாவற்றையும் மூத்தவனுக்கு எழுதிவிட்டு, சின்னவனுக்கு ஜமைக்காவில் பணக்காரப் பெண்ணைப் பார்த்தார். இதையும் 27ஆம் அத்தியாயத்தில் அவர் வாயாலேயே சொல்கிறார். ஜேன் வேண்டாம் என்று தள்ளும் பட்டுத்துணிக்கும் முத்துமாலைக்கும் பின்னால் அந்தப் பணமும் இருக்கிறது. சித்தப்பாவின் 20,000 மட்டும் என்ன? அவர் மதேராவில் இருந்துகொண்டு அதே மேசன் கம்பெனியோடு வியாபாரம் செய்தவர். மேசன் அங்கே போய்த் தங்கியதே அந்தப் பழக்கத்தில்தான். ஜமைக்காச் சொத்து என்றால் அந்தக் காலத்தில் அடிமைகளின் கரும்புத்தோட்டம் இல்லாமல் என்ன? அடிமையை வாங்குவது பற்றிய ரோச்செஸ்டர் வசனத்தை இந்தப் பக்கத்தோடு சேர்த்து இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.

டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரீஸ் 1966ல் வைட் சர்காசோ சீ என்ற நாவலை எழுதியதே இதற்காகத்தான். அந்த மாடி அறைப் பெண்ணுக்கு ஒரு சிறுவயது, ஒரு தோட்டம், அந்துவானெத் என்ற பெயர் எல்லாம் அதில் கிடைக்கிறது. அதைப் படித்த பிறகு எனக்கு ஜேன் அயர் படங்களில் ஒரே ஒரு காட்சிதான் பரீட்சை. கல்யாணம் நின்றதும் ரோச்செஸ்டர் எல்லாரையும் மாடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறக்கிறாரே, அது. நாவலிலேயே அவளை உடுப்புப் போட்ட கழுதைப்புலி என்றுதான் ஜேன் எழுதுகிறாள். படம் எடுப்பவருக்குத்தான் கேமரா இருக்கிறதே, ஜேனின் கண்ணைத் தாண்டிப் பார்க்கலாமே? 1943ல் அந்த முகத்தைச் சரியாகக் காட்டவே மாட்டார்கள். பயமுறுத்த ஒரு பூதம் போதும் என்று விட்டுவிட்டார்கள்.

பாதியில் எழுந்த அக்கா, உங்கள் நாத்தனாருக்காக ஒரு வார்த்தை: 2006ல் கோபுர ஜன்னலிலிருந்து ஒரு சிவப்புத் துணி பறக்கும், ஞாபகம் இருக்கிறதா? உள்ளே ஒருத்தி உயிரோடு இருக்கிறாள் என்று படம் முதலிலேயே சொல்லிவிடுகிறது. எனக்கு அந்தத் துணிக்காகக் கட்டிலை மன்னிக்க முடிகிறது.

---

வார்டனம்மா:

மாடிப்படி, வாய் அடைத்துவிட்டாய். 31 வருஷத்தில் ஒரு ஆடிட்டரிடமும் மாட்டாதவள் நான்.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 30,000 அங்கேதான் இருக்கிறது, 20 ஷில்லிங்குக்குச் சில பக்கம் முன்னால். அதே அத்தியாயம். எத்தனை தடவை அதைத் தாண்டிப் போயிருப்பேன். நீல மைக்காரரும் தாண்டித்தான் போயிருக்கிறார். இப்போது பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டேன்.

சிவப்புத் துணி எனக்கு ஞாபகம் இல்லை. மறுபடியும் பார்க்கிறேன். கட்டில் வரும்போது நானும் எழுந்து போவேன், அது மாறாது.

---

கட்டிங்_டேபிள்:

நான் இனிமேல் இந்த இழையில் வாய் திறக்கப்போவதில்லை. ஒரே ஒரு திருத்தம் மட்டும்: சனம் செருப்பைத் தேடும் என்று சொன்னதில் அந்தக் கஞ்சியை நான் கணக்கில் எடுக்கவில்லை. அதை எடுத்தால் யாரும் எழுந்து போகமாட்டார்கள்.

---

பாதியில்_எழுந்தவள்:

எல்லாருக்கும் நன்றி. நாத்தனாருக்கு இழையை அப்படியே அனுப்பினேன். மாடிப்படியின் கடைசிப் பத்தியை மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருக்கிறாள். வைத்துக்கொள்ளட்டும்.

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை. படம் போட முடியாமல், போன் வெளிச்சத்தில் 21ஆம் அத்தியாயத்தில் அந்த 50 பவுண்டு பேரத்தை மட்டும் மகளுக்கு வாசித்துத் தமிழில் சொன்னேன். "உங்களை நம்ப முடியாது சார்" என்ற இடத்தில் சிரித்தாள். அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுக் கேட்டாள்: "அந்த பாக்கி அஞ்சு பவுண்டை அவர் கடைசியில கொடுத்தாராம்மா?"

எனக்குத் தெரியவில்லை. வார்டனம்மா?

---

வார்டனம்மா:

ஊரிலிருந்து அவள் திரும்பி வரும் 22ஐப் பார்த்துவிட்டேன். அதில் இல்லை. மீதியையும் புரட்டிவிட்டுச் சொல்கிறேன், அவளைத் தூங்கச் சொல்.